தெருப் பெயர் ஒட்டிய பட்டு

செவ்வாய், இரவு.

குழுவாக முடிவெடுக்கும்போது சாய்வு எப்படி நுழைகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. காலையில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் ஐந்து பேரிடம் இரண்டு பட்டுத் துணிகளைக் கொடுத்து, எது நல்ல நெசவு என்று கேட்டோம். ஒன்று என் அம்மா நெய்தது. ஐவரும் பேசி, அம்மா நெய்ததையே எடுத்தார்கள். யார் நெய்தது என்று நாங்கள் அவர்களிடம் சொல்லவில்லை.

மதியம் அதே துணிகள், வேறு ஐவர். இம்முறை நெய்தவரின் தெருப் பெயரைத் துணியில் ஒட்டியிருந்தோம். எங்களுடையது ஊருக்கு வெளியே இருக்கும் காலனி.

ஓர் அக்கா மட்டும், “காலனி துணிதாம்பா நெருக்கமா இருக்குது” என்றார். இன்னொரு துணியை எடுத்திருந்த மற்ற நால்வரும் அவரையே பார்த்தார்கள். “சரி, நீங்க சொல்றதே இருக்கட்டும்” என்று அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் குறித்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை. எதிர்பார்த்த முடிவு கிடைத்ததில் எங்கள் பேராசிரியருக்குச் சந்தோஷம்.

சோறு போடும்போது அம்மா கேட்டாள், “என் துணிய இன்னா சொன்னாங்க?”

“காலைல வந்தவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருந்துதும்மா.”

“அப்ப தெருப் பேரு போட்டிருக்க மாட்டீங்க” என்றாள்.