ஒரே பெட்டிக்கு மூன்று பொட்டு

இன்று பீடோங் டவுன் கடையில் ஆயுத பூஜை. சர்வர் பெட்டியின் சூட்டில் சந்தனம் காய்கிற வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நீ. ஆனாலும் இந்தக் கடையில் பொட்டு வைப்பது உன் வேலையாகத்தான் இருந்தது. நீ இறந்து போய் எட்டு மாதமாகிறது. நம் கம்ப்யூட்டர் சர்வீஸை நான் ஒருவனாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாம் முதலில் இங்கே வந்தபோது, மோட்டார் சாமான் விற்கிற இந்தக் கடைக்கார அக்காவிடம் மூன்று பழைய சர்வர்கள் இருந்தன. ஸ்டாக்குக்கு ஒன்று, ஆள் வருகைப் பதிவுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. மூன்றும் பாதி நேரம் சும்மா கிடந்தே கரண்டைத் தின்றன. ஒரே நல்ல பெட்டி வாங்கி, அதற்குள் மூன்றையும் தனித்தனி சர்வராக ஓட்டலாம் என்றாய். அக்கா நம்பவில்லை.

"எஸ்டேட் லயத்து வீடு மாதிரிலா அக்கா. ஒரே கூரை, மூணு வீடு. ஒரு வீட்ல அடுப்பு எரியலன்னா பக்கத்து வீட்ல சோறு வேகாதா?"

"கூரையே விழுந்துச்சுன்னா தம்பி?"

பேக்கப் நகலையும் அதே பெட்டியில் வைத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் அதைச் சொன்னேன், என்னை நன்றாகத் திட்டினாய். பிறகு பக்கத்து ஊரான செமிலிங்கில் அக்கா வீட்டில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாய். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று சர்வரின் நகலும் தானாக அங்கே போய்ச் சேரும்.

அந்த வருஷ பூஜையில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு முழித்தார். "மத்த ரெண்டுக்கும் எங்க வைக்கிறது?" ஒரே பெட்டியில் வரிசையாக மூன்று பொட்டு வைத்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பேக்கப் எடுத்தாச்சு என்று எப்போது போன் செய்தாலும் நீ கேட்டது ஒன்றுதான். "தொறந்து பாத்தியா?" அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருக்கும். நீ போன பிறகு நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. கேட்க ஆளில்லை, அதனால்தான்.

போன மாதம் இடி விழுந்து கடைப் பெட்டி கருகிப் போனது. அக்கா சத்தம் போடவில்லை. "கடைய சாத்திடவா தம்பி?" என்று மட்டும் கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு செமிலிங் போனேன். அந்த நகல் திறக்காவிட்டால் அவர் இத்தனை வருஷம் சேர்த்த பதிவெல்லாம் போய்விடும். தப்பு முழுக்க என்னுடையது.

அந்தச் சின்னப் பெட்டியிலேயே மூன்று சர்வரும் ஒவ்வொன்றாக எழுந்தன. இரண்டு நாள் பதிவுதான் போனது. இணையம் வழியாகக் கடையை அதோடு இணைத்தேன், மத்தியானத்துக்குள் கடையில் வியாபாரம் நடந்தது. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன், சொல்ல யாருமில்லை. சர்வருக்கு இன்னொரு கூரை பார்த்து வைத்தவன், எனக்கு ஒன்றும் பார்த்து வைக்காமல் போய்விட்டாயே என்று கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை.

இன்று புதுப் பெட்டிக்கு அக்காவே பொட்டு வைத்தார். ஒன்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தத் தம்பி மூணு வைக்கும்" என்று மற்ற இரண்டையும் வைத்தார்.

இப்போதெல்லாம் நகல் வந்து சேர்ந்ததும், வெள்ளிக்கிழமை நானே செமிலிங் போய்விடுகிறேன். மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடுகிறேன். அறையில் காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும்தான். கிளம்புவதற்கு முன் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்: "தொறந்து பாத்துட்டேன்டா."