வலப்பக்கம் மாட்டிய கைப்பிடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ஏழு மாதமாக இந்த முதல் வரியை ஒப்புக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு மனசார எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், நாலு நாலு வரியாகத் தாண்டித் தாண்டிப் படிக்கும் உன் பழைய வழக்கத்தை மட்டும் இந்த ஒரு கடிதத்துக்கு விட்டுவிடு.

போன கடிதத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே மாப்பிள்ளை எழுதியிருந்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது, தூண்டில் போட ஆசையாக இருக்கிறது, கடைக்குப் போனால் பாறைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று என்று மூன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், கையிருப்போ கொஞ்சம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கம்பும் நூல் சுற்ற ஒரு ரீலும் போதாதா, மாமாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். நான் அதை உன் அப்பாவிடம் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். முன்னேயெல்லாம் இந்தக் கேள்வி ஒன்று போதும், மூன்று வேளைச் சாப்பாடும் ஆறிப்போகும் வரைக்கும் பேசுவார். அன்றைக்கு, "எனக்கெதுக்கு இனிமே அந்தப் பேச்செல்லாம், வேற யாரையாவது கேக்கச் சொல்லு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ ஃபோனில் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லி மழுப்பியிருக்கிறேன், என்னை மன்னித்துக்கொள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் வருஷத்துக்குள் எவ்வளவு பழக்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது, அதற்கப்புறம் மெதுவாகத்தான் வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்து பயிற்சி கொடுக்கிறாள், நல்ல பொறுமைசாலி. அமுக்குவதற்கு ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்திருக்கிறாள். அவள் இருக்கும்போது நாலு தடவை அமுக்குவார், அவள் படி இறங்கியதும் பந்து கட்டிலுக்கடியில் போய்விடும். எத்தனை தடவைதான் குனிந்து எடுப்பேன், எனக்கும் வயதாகிறது. இருபத்தெட்டு வருஷம் வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதிய கை, ஒரு புள்ளி பிசகாத கை, அதற்குப் பந்து விளையாட்டா என்று ரோஷம். பேனாவைத் தொடச் சொன்னால் முறைப்பார். உனக்கு வரும் உறையில் எப்போதும் அவருடைய அச்சு மாதிரியான எழுத்து இருக்குமே, அது போய் என்னுடைய கிறுக்கல் வர ஆரம்பித்தது அதனால்தான். அவர் இப்படியே கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

அவருடைய பழைய தூண்டில் இருக்கிறதே என்று கேட்பாய். கம்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, அதை ஒற்றைக் கையால் தூக்க முடியாது, அவ்வளவு கனம். ரீல்தான் போய்விட்டது. உடம்புக்கு முடியாமல் போன அன்றைக்குக் காலையில் கடலிலிருந்து வந்து அதைக் கழுவாமல் வைத்திருந்தார், அதற்கப்புறம் அதை யார் நினைத்தது. நான் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது உப்பு பூத்து இறுகிப்போய் அசையக்கூட இல்லை. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார், திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

அதனால் மாப்பிள்ளைக்காக விசாரிக்கிற சாக்கில் நானே கடைக்குக் கிளம்பினேன். துணைக்கு அப்பாவின் சிநேகிதர் நங்கூரத்தைக் கூட்டிக்கொண்டேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று நாம் பேர் வைத்தோமே, அவர்தான். கடைக்குள் போனதும் அங்கேயும் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்து, இந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்கிற முகத்தோடு, பளபளவென்று தங்கக் கலரில் ஒரு ரீலை எடுத்து வைத்து, வழுக்கிக்கொண்டு சுற்ற உள்ளே பத்துப் பேரிங் இருக்கிறது என்றார். நான் முப்பது வருஷமாகத் தையல் மிஷினைப் பிரித்து மாட்டுகிறவள், என்னிடம் எண்ணிக்கை பேசினால் எடுபடுமா. காதுப் பக்கம் வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன், உள்ளே கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம். அடுத்ததாக நாலு பேரிங் உள்ள ஒரு கறுப்பு ரீல், பார்க்க மூஞ்சியே இல்லை, சுற்றினால் எண்ணெய் போட்ட மிஷின் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது, உடம்பிலும் ஆட்டம் இல்லை. அதையே அப்பாவுக்கு எடுத்தேன். போன வருஷத்து மாடல் என்பதால் விலையையும் குறைத்தார், புதுசுக்கும் அதற்கும் நிறம் மட்டும்தான் வித்தியாசமாம்.

மாப்பிள்ளைக்கு இதைச் சொல், கையிலிருக்கும் காசில் பெரிய பங்கு ரீலுக்குப் போக வேண்டும், கம்பு நடுத்தரமாக இருந்தாலும் தாங்கும். ரீல் பொடிசும் வேண்டாம் பூதமும் வேண்டாம், நாலாயிரம் என்று அளவு நம்பர் போட்டிருப்பதே எல்லாவற்றுக்கும் பொதுவானது. மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்க டிராக் என்று ஒரு திருகு மேலே இருக்கும், உப்புத்தண்ணீர் அதற்குள் போகாதபடி ரப்பர் அடைப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல். அந்தத் திருகு எனக்கு உடனே பிடிபட்டது, நம் மிஷினில் நூலின் இறுக்கத்தை வைக்கிற திருகுதான் அது, ரொம்ப இறுக்கினால் அறுந்துபோகும், தளர்த்தினால் சிக்கிக்கொள்ளும். கம்பு எட்டரை அடி, இரண்டாகக் கழற்றுகிற மாதிரி, அப்போதுதான் பஸ்ஸில் யார் கண்ணையும் குத்தாமல் கொண்டுபோகலாம். ஈயக்குண்டையும் வீசலாம், இரையாகப் போடும் ரப்பர் மீனையும் வீசலாம், அந்த அளவுக்கு விறைப்பு. சுத்தக் கார்பன் கம்பு காற்றாக இருக்கிறது ஆனால் பாறையில் ஒரு அடி பட்டால் முறியுமாம், கண்ணாடி நாரும் கார்பனும் கலந்தது கொஞ்சம் கனம் என்றாலும் அடி தாங்கும், விலையும் குறைவு. நூல் ஓடுகிற வளையங்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நான் கைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுத் துடைத்தேன், முதல் கம்பில் நாலாவது வளையத்தில் பஞ்சு பிய்ந்து ஒட்டிக்கொண்டது. பஞ்சு பிய்கிற இடத்தில் நூல் அறும் என்றேன். கடைக்காரர் உடனே வேறு கம்பு எடுத்துக் கொடுத்தார், அதையும் அப்பாவுக்கு வாங்கிக்கொண்டேன், அதற்கப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அம்மா போட்டார்.

கைப்பிடியை இடப்பக்கமும் மாட்டலாம் வலப்பக்கமும் மாட்டலாம். அப்பாவின் நிலைமையைச் சொன்னதும் கடைக்காரரும் நங்கூரமும் ஆலோசித்து, நாற்காலியில் உட்கார்ந்து கம்பின் அடியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு நல்ல இடது கையால் சுற்றட்டும், இடப்பக்கம் மாட்டுங்கள் என்று முடிவு சொன்னார்கள். கைப்பிடியின் முனையில் குமிழ் மட்டும் பெரியதாக, உருண்டையாக இருக்கட்டும் என்று நான் கேட்டு வாங்கினேன். டப்பாவில் வைப்பதற்காகக் கைப்பிடியைத் தனியே கழற்றிக் கொடுத்தார்.

வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் இன்னும் இரண்டு தாள் வேண்டும். யாரைக் கேட்டு வாங்கினாய் என்று கேட்டார், உங்களைக் கேட்டால் வாங்க விட்டிருப்பீர்களா என்று நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நங்கூரம் வந்து, சும்மா காற்று வாங்கப் போகலாம் என்று சொல்லித்தான் அவரைக் கிளப்பினோம். கிளம்பும் அவசரத்தில் ரீலுக்குக் கைப்பிடியை மாட்டியது நான். மாட்டித் திருகி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகப் பையில் வைத்தேன்.

கடலுக்குள் நீளுமே அந்தக் கல் சுவர், அதன் பாதி தூரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். ரீலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நங்கூரம் தூண்டிலை வீசி, ஓரத்துத் தடுப்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் இரும்புக் குழாயில் செருகிவிட்டு, அதிசயமாக எழுந்து டீ வாங்கப் போனார். நான் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கம்பு வளைந்து டிராக் கிர்ரென்று கத்தியது பாரு, குடை ஒரு பக்கம் சட்டை ஒரு பக்கம் போட்டுவிட்டு நான் ஓடினேன். "தொடாத! நீ தொடாத!" என்று அதட்டிக்கொண்டே உன் அப்பா எழுந்து இடது கையால் கம்பைப் பிடுங்கி அடிப்பக்கத்தை வயிற்றில் ஊன்றிக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது! முப்பது வருஷமாக மிஷின் சக்கரம் எனக்கு வலப்பக்கம், என் கைக்குச் சக்கரம் என்றாலே அந்தப் பக்கம்தான் என்று பழகிப்போய் அப்படியே மாட்டித் தொலைத்திருக்கிறேன். நங்கூரம் வீசும்போது கவனித்தாராம், நீங்களே மாற்றியிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார் அப்புறம். மீனும் போய் இவர் மனசும் விட்டுப்போய் இனி வீட்டைவிட்டே வர மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை பாப்பா. கண் நூலைவிட்டு அசையவில்லை, வலது கை அதுபாட்டுக்குப் போய்க் கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. விரல் முழுசாக மூடவில்லை, உருண்டைக் குமிழை உள்ளங்கையால் தள்ளித் தள்ளிச் சுற்றினார். நின்றார், சுற்றினார், மீனைத் திட்டினார், என்னைத் திட்டினார், சுற்றினார். மீனைத் தூக்கிக் கல்லில் போட்டபோது அது ஒன்றரைச் சாண் நீளம், அந்த ஆர்ப்பாட்டத்துக்குச் சின்னதுதான். நங்கூரம் மூன்று டீயோடு வந்து, "யாரு சுத்துனது?" என்று கேட்டார். அப்பா, "ஏன், நான்தான்" என்று சொன்ன பிறகுதான் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார், குமிழை இன்னும் விடவில்லை அது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு உப்புக் காற்று என்றார், பிறகு, "எவ மாட்டுனா இத இந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து டீ ஆறும் வரை விடவில்லை. வாய் நிறைய வாங்கிக்கட்டிக்கொண்டேன், சந்தோஷமாக. வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "அது அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஆறு வாரம் ஆகிறது. நூல் முனையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்து இந்தக் கோடியிலிருந்து சுற்றி இழுக்கிறார், காலையில் நாற்பது தடவை, சாயந்தரம் நாற்பது. வாளிக்குள் முதலில் ஒன்றும் இல்லை, இப்போது என் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்டு வந்தார், வந்தவரும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். பயிற்சி கொடுக்கும் பெண், பந்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சிரித்துவிட்டு, கை நன்றாகத் தேறுகிறது என்றாள். முந்தாநாள் தன் சட்டைக்குத் தானே மூன்று பொத்தான் போட்டார், நாலாவதற்கு என்னைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளைக்கு அவர் சொல்லச் சொன்னது, கடலிலிருந்து வந்ததும் வராததுமாக ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும், சோம்பேறித்தனம் கூடாது, குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். இதைச் செய்ய முடியாதவர் மீன் கடையில் வாங்கித் தின்னட்டும் என்றும் சொன்னார், மாமனார் பேச்சு, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். தனியாகப் பாறைமேல் போகக் கூடாது, அது என் பேச்சு. நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசு கோணாமல், எல்லா நலமும் பெற்று இருக்க அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. இந்தக் கடிதம் வந்த உறையை வழக்கம்போல் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பாய், போய் எடு. உன் பேரும் கதவு எண்ணும் தெருவும் நேற்று மத்தியானம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவர் எழுதியது. வரி மேலே ஏறிக் கீழே இறங்கியிருக்கும், எண்ணில் ஒன்று கோழி கிளறிய மாதிரி இருக்கும். இதை எந்தத் தபால்காரனும் படிக்க மாட்டான், வேற கவர்ல நீயே எழுதிப் போடு என்று பிடிவாதம் பிடித்தார், போய்ச் சேரும் என்று நான் இப்படியே ஒட்டிப் பெட்டியில் போடுகிறேன். கையில் கிடைத்ததும் ஃபோன் செய். என்னோடு பேச வேண்டாம், அவரைக் கூப்பிட்டு, வந்துசேர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா