அம்மா ஃப்ரீதானே

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்கும் முழங்கால் தவிர வேறு குறை இல்லை, அதுவும் மாடிப்படி ஏறச் சொன்னால்தான் வலிக்கிறது, டீக்கடைக்கு நடக்கும்போது வலிப்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், குழந்தையை வெளியே கொண்டுபோகும்போது காதை மூடிவிடு.

போன ஞாயிறு நீ போனில், ஆகஸ்டில் வேலைக்குத் திரும்புகிறேன், ஆறு மாசம் வந்து பாப்பாவப் பாத்துக்கோ, நீ ஃப்ரீதானேம்மா என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா ஸ்பீக்கரில் குனிந்து, அவ ஃப்ரீதான் சாமி, நீ டிக்கெட்டப் போடு என்று சொல்லிவிட்டார். நான் ம் என்றேன். அந்த ம் சரி என்பதற்கான ம் இல்லை. எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் காகிதம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நாலு மாதமாக நான் வேலைக்குப் போகிறேன். பைபாஸ் பக்கம் செங்கோட்டையன் என்பவர் வைத்திருக்கும் எடை மேடையில் உட்காருகிறேன். லோடு லாரி மேடை மேல் ஏறி நின்றதும் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து எடைச்சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஆறு மாதம் அங்கே வந்தால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். உன் அப்பா இதை யாரிடமும் வேலை என்று சொல்வதில்லை. ஊட்டுல ஃப்ரீயா இருக்கறா, பொழுது போகப் போய்ட்டு வாரா என்கிறார். எட்டு மணி நேரம் போகும் பொழுது.

நீ கேட்ட நாளிலிருந்து அந்த வார்த்தை என் காதில் விழுந்தபடியே இருக்கிறது. நம் ஊரில் இங்கிலீஷ் தெரியாதவர்களும் அதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். அப்பாவுக்குக் காலையில் வயிறு ஃப்ரீ ஆனதா என்பதுதான் வீட்டின் முதல் செய்தி. ரோடு ஃப்ரீயாக இருந்தால் அவர் சீக்கிரம் வருவார், இல்லாவிட்டாலும் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். நான் ஏதாவது குறை சொன்னால் ஃப்ரீயா வுடு என்பார், விட வேண்டியது எப்போதும் நான்தான். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் கண்டக்டர், ஃப்ரீயெல்லாம் உள்ள தள்ளிப் போங்க என்கிறார், நாங்கள் பதினைந்து பெண்களும் திரும்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிப் போகிறோம், எங்கள் பேரே அதுதான் என்பதுபோல. தெருவில் பி.காம் முடித்தவள் நான் ஒருத்தி என்பதால், அக்கா ஃப்ரீயா இருந்தா இந்த ஃபாரத்த எழுதிக் குடுங்க என்று வருகிறார்கள். அவர்கள் கேட்கும்போது என் கையில் ஒரு கரண்டியாவது இருக்கும், அது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செவ்வாய்க்கிழமை உன் அத்தை சௌந்திரம் வந்திருந்தார். அவருடைய மருமகளுக்கு வளைகாப்பு, முறுக்கு சுட, பலகாரம் அடுக்க ஆறு நாள் முன்னாலேயே வந்திரு, நீ ஃப்ரீதான என்றார். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக நான், ஃப்ரீயா இல்லீங்க என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அத்தை அப்படியே என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ஏன் கோகிலா, ஒடம்பு கிடம்பு செரியில்லையா என்று கேட்டார். போகும்போது அப்பாவிடம் தனியாக, டாக்டரிடம் ஒருதரம் காட்டிடு தம்பி என்று சொல்லிவிட்டும் போனார்.

எடை மேடையில் மட்டும்தான் அந்த வார்த்தைக்கு மரியாதை இருக்கிறது. டிரைவர்கள் ஸ்டியரிங் ஃப்ரீயாக ஆடினால் லோடு ஏற்ற மாட்டார்கள், முதலில் மெக்கானிக்கிடம் விடுவார்கள். எந்தப் பாகமாவது அளவுக்கு மேல் ஃப்ரீயாக இருந்தால் வண்டிக்கு ஆகாதாம். நம் சொந்தக்காரர்கள் யாரும் லாரி ஓட்டாதது நல்லதாய்ப் போயிற்று.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை சாமி. நீ வேலைக்குத் திரும்புவதில் என்னைவிடச் சந்தோஷப்படுகிற ஆள் கிடையாது. உன் வேலைக்காக என் வேலையை விடச் சொல்கிறோம் என்று தெரிந்திருந்தால் நீ கேட்டிருக்க மாட்டாய், சொல்லாமல் வைத்தது என் தப்பு. நான்கூட இரண்டு நாள் அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். புதன்கிழமை ஒரு டிரைவர் மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு, அக்கா இல்லாத அன்னிக்குச் சீட்டுல நம்பர் தப்பா வந்துருச்சுங்க, நீங்க இருக்கறப்பவே வாரேன் என்றார். நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் நான் இல்லாமல் தப்பாகிப் போனவை எத்தனையோ உண்டு, ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

நேற்று செங்கோட்டையனிடம் லீவு லெட்டர் கொடுத்தேன். ஆகஸ்டு மாதம் இருபது நாள், பேத்தி காப்பகத்துக்குப் பழகும் வரை கூட இருக்க வேண்டும் என்று காரணம் எழுதியிருந்தேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, ஏனுங் அம்மிணி, நம்மகிட்ட ஆருமே லெட்டரு குடுத்ததில்லீங்க, சொல்லாமக் கொள்ளாம நின்னுக்குவாங்க, மறுக்கா வருவாங்க என்றார். பிறகு கையெழுத்துப் போட்டு, எடைச்சீட்டுக்கு வைக்கும் முத்திரையையும் அதன்மேல் அழுத்தி வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டு வாங்கிய முதல் லீவு இதுதான். நீ பாப்பாவை அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிடு, அந்த இருபது நாளும் காலையில் நானே அவளைக் கொண்டுபோய் விட்டு, அழுதால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு அவள் பழகிக்கொள்வாள், நீயும் பழகிக்கொள்வாய்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் உனக்குச் சேர்ந்த பிறகு சொல்கிறேன். பாப்பாவுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் மூன்று பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் பிரசவத்துக்கு வந்தபோது எடுத்த பாஸ்போர்ட் இன்னும் செல்லும், மறக்காமல் ஒன்று செய், டிக்கெட் போடும்போது திரும்பி வரும் தேதிக்கும் சேர்த்தே போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. கோகிலவாணி