அக்கா எண்ணிப் பார்த்தாள்

ஏப்ரல் 7, செவ்வாய்

விருதுநகர் ஸ்டேஷன்ல இறங்கினது காலை 6.40. அந்நேரத்துக்கே வெயில் சுள்ளுன்னு. வீட்டுக்குப் போகல. நேரா ஆஸ்பத்திரி.

தீக்காய வார்டு வாசல்ல மச்சான் தரையில உக்காந்திருந்தாரு. சிவகாசியில பிரஸ்ல கட்டிங் மிஷின் பாக்குறவரு. சனிக்கிழமை சேதி வந்ததும் மிஷினை விட்டு அப்படியே ஓடியாந்திருக்காரு. மூணு நாளா அதே சட்டை. "வா மாப்ள, சாப்பிட்டியா?" அம்புட்டுதான் பேச்சு.

பேச்சியக்காவைக் கண்ணாடி வழியாத்தான் காட்டுனாக. முகம் தப்பிச்சிருக்கு. மத்ததை எழுதப்போறதில்ல.

நடந்தது, மச்சான் சொன்னபடி: தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனி. ஒரு ரூமுக்கு நாலு பேர். முதல்ல வெடிச்சது பக்கத்து ரூம். எல்லாரும் ஓடிட்டாக. அக்காவும் வெளிய வந்துட்டா. வேப்பமரம் வரைக்கும் வந்தவ திரும்பி உள்ள போயிருக்கா. அப்பத்தான் இவுக ரூம்லயும் வெடிமருந்து தீப்பிடிச்சிருக்கு.

"எதுக்குத் திரும்பிப் போனா?"

"கூட வேலை பாக்குற குருவம்மாவைக் காணோம்னு."

குருவம்மா உள்ளயே இல்ல. தண்ணி குடிக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்தாளாம்.

வாங்கணும்: பழைய வேட்டி 4 (நல்லா துவைச்சது), இளநீ, மச்சானுக்கு ஒரு சட்டை. சைஸ் 40.

ஏப்ரல் 8, புதன்

காத்துக்கிட்டிருக்கிறதுதான் வேலை. பெஞ்சு சுடுது. காவலுக்கு நிக்கிற பெரியவருக்குப் பொழுது போகல போல. நான் நேவியில இருக்கேன்னு மச்சான் சொல்லியிருக்காரு. "நேவின்னா துப்பாக்கி சுடுவீகளா தம்பி?"

இல்லங்கய்யா, நான் சேதம் பாக்குற ஆளுன்னு சொன்னேன். புரியல. விவரமாச் சொல்ல வேண்டியதாப் போச்சு. கப்பல்ல ஓட்டை விழுந்தா ஆப்பு, கட்டை, மெத்தை, கைக்கு எது கிடைக்குதோ அதை வச்சு அடைக்கணும். சுவர் உப்புனா மரம் அறுத்து முட்டுக்கொடுக்கணும். உள்ள வந்த தண்ணியைப் பம்பு வச்சு வெளிய தள்ளணும், கப்பல் ஒருச்சாஞ்சு போகாம. தீன்னா வேற கதை. எரியிற ரூமுக்குக் காத்துப் போகாமக் கதவை அடைக்கணும். சுத்தி இருக்கிற சுவருக்கெல்லாம் தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா சூடு ஏறி அடுத்த ரூமும் பிடிச்சிரும். ஒவ்வொரு கதவுக்கும் நம்பர். எப்ப எதை அடைக்கணும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியணும்.

"தீயைக் கண்டா ஓட மாட்டீகளா?"

"எங்கன ஓட? சுத்திக் கடல்."

அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறந்தான் உறைச்சது. அக்கா கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பக்கமும் கதவு வச்சதே ஓடுறதுக்குத்தான்.

மதியம் 3 மணிக்கு அஞ்சு நிமிஷம் உள்ள விட்டாக. அக்கா முழிச்சிருந்தா.

"ஏலே காளி. எப்ப வந்த?"

"நேத்துக்கா."

"குருவு வந்துட்டாளா?"

"வந்துட்டா. நல்லா இருக்கா."

"எண்ணிப் பாத்தேன்லே. மரத்துக்கிட்ட மூணு பேருதான் நின்னோம். நீ சொன்ன மாதிரித்தான் எண்ணுனேன்."

சிஸ்டர் வெளிய போகச் சொல்லிட்டாக.

பொங்கல் லீவுல நடந்தது. வீட்டு முத்தத்துல கரும்பு கடிச்சுக்கிட்டு அக்கா, மச்சான், நான். கப்பல்ல தீப்பிடிச்ச கதையை அவிழ்த்துவிட்டேன். பாதி நெசம், பாதி பீத்தல். "கதவை அடைக்கும்போது உள்ள ஆளு இருந்தா?"ன்னு அக்காதான் கேட்டா. "எண்ணாம எவனும் அடைக்க மாட்டான்க்கா. வெளிய வந்ததும் மொத வேலை தலை எண்ணுறது. ஒரு தலை குறைஞ்சாலும் திரும்பி உள்ள போவோம்"னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். மச்சான் போன்ல ஏதோ பாத்துக்கிட்டிருந்தாரு.

திரும்பிப் போறவன் தீ தாங்குற கோட்டு போட்டிருப்பான், முதுகுல காத்து சிலிண்டர் இருக்கும், இடுப்புக் கயித்தை வெளிய ஒருத்தன் பிடிச்சிருப்பான், பின்னாலயே தண்ணி வரும். அதுல ஒண்ணும் சொல்லல. சொன்னா கதை நீளும்னு விட்டுட்டேன்.

அக்கா நூல் சேலையோட, வெறுங்காலோட போயிருக்கா.

ஏப்ரல் 9, வியாழன்

அக்கா போயிட்டா. காலை 5.10.

மச்சான் கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு இடத்துல. ஆம்புலன்ஸ்ல நானும் அவரும். ஆமத்தூர் தாண்டுற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கல.

அம்மாவைப் பத்தி எழுத முடியல.

கம்பெனிப் பொம்பளைக எல்லாரும் வந்திருந்தாக. குருவம்மா மட்டும் தெருக்குழாய்க்கிட்டயே நின்னா. கிட்ட வரல. அம்மா பாத்துட்டு, "நீ எதுக்குடி வந்த?"ன்னு ஒரே வார்த்தை. அவ வந்த வழியே போயிட்டா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

ஏப்ரல் 11, சனி

நேத்துப் பால் தெளிச்சாச்சு. லீவு 18 வரைக்கும். பதினாறாம் நாளுக்கு இருக்க முடியாது. கேட்டுப் பாத்தேன், இல்லைன்னுட்டாக.

டீக்கடையில ரெண்டு பேர்: "ஒருத்தி தண்ணி குடிக்கப் போனா, ஒருத்தி சாகப் போனா." "சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல அந்தப் பொம்பள." நான் நிக்கிறது தெரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டாக. டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

அம்மா: "அவ தாகம் எம் மகளைக் குடிச்சிருச்சு." வர்றவுக கிட்டயெல்லாம் இதே.

மச்சான் யாரையும் குறை சொல்லல. துக்கம் கேக்க வர்றவுக "எதுக்குப்பா திரும்பிப் போனா?"ன்னு கேட்டா, "அவ மனசு அப்படி. ஒருத்தரை விட்டுட்டு வர மாட்டா"ன்னு மெதுவாச் சொல்லுவாரு. பிள்ளை இல்லாத வீடு. பதினாறு வருஷமா ரெண்டே பேர். அதைச் சொல்லும்போது மட்டும் அவரு குரல்ல கொஞ்சம் தெம்பு வருது.

பொங்கலுக்கு நான் பேசுனதைச் சொல்ல இன்னிக்கு மூணு தடவை வாயைத் திறக்கப் பாத்தேன். முடியல. கப்பல்ல புகைக்குள்ள மொத ஆளாப் போறவன் நான். இங்கன பயந்தாங்கொள்ளி.

ஏப்ரல் 13, திங்கள்

குருவம்மா வீட்டுக்குப் போனேன். யார்கிட்டயும் சொல்லல. அவ புருஷன் வாசல்லயே நிறுத்திட்டாரு, ஆலங்குளம் சிமிண்டு ஃபேக்டரியில வேலை, இவளுக்காக லீவு போட்டிருக்காரு. "சண்டைக்கு வந்தீகளா தம்பி?"

"இல்லண்ணே."

"சோத்தை விடுங்க. நாலு நாளா தண்ணி கொடுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிடுறா. நாக்கை நனைக்கிறதோட சரி."

உள்ள சுவத்துல சாஞ்சிருந்தா. உதடு வெடிச்சிருக்கு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. "எனக்கு அந்நேரம் தாகம் எடுக்காம இருந்திருக்கலாம்ல தம்பி?"

சொல்லிட்டேன். பொங்கல், கரும்பு, தலை எண்ணுறது, எல்லாம். அக்கா வார்டுல சொன்னதையும். நீங்க காரணமில்லக்கா, நான் சொல்லிக்கொடுத்ததுதான் காரணம்னேன்.

சுவத்தைப் பிடிச்சு மறுபடி உக்காந்தா. அப்புறம் கேட்டா: "இதை எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி ஆகப்போகுது? உங்க வீட்ல சொல்லுவீகளா?"

சொல்றேன்னேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒண்ணு. பக்கத்து வீட்ல பாயசம் வாசம். அவுக கதவைச் சாத்திட்டுத்தான் காய்ச்சுனாக, எங்களுக்காக.

காலை 11 மணி. அம்மா, மச்சான், சித்தி, பக்கத்து வீட்டு ரெண்டு பேர். அம்மா மறுபடியும் அந்தத் தாகப் பேச்சை ஆரம்பிச்சப்ப சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே சொன்னேன், ஆபீஸர் முன்னால நிக்கிற மாதிரி. வேற மாதிரிச் சொல்லத் தெரியல.

சித்திதான் "அடப்பாவி"ன்னா, அதுவும் திட்டா இல்ல.

அம்மா என்னை ஒரு பார்வை பாத்தா. எந்திரிச்சா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு குருவம்மா தெருவுக்கு நடந்துட்டா, செருப்பில்லாம, அந்த வெயில்ல. பின்னாலயே போனேன். வாசல்ல இருந்து பாத்தேன். அம்மா சொம்பைத் தூக்கி அவ வாய்ல வச்சுப் பிடிச்சா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டு அழுதாக. எனக்கு உள்ள போக இடமில்ல.

திரும்பி வந்தா மச்சானைக் காணோம். சைக்கிளும் இல்ல. பொழுது சாயத்தான் வந்தாரு. பிரஸ்ஸுக்குப் போயிருக்காரு. இன்னிக்கு லீவு, பூட்டிக்கிடக்கும். பூட்டுன கதவுக்கு முன்னால உக்காந்திருந்தாராம். பக்கத்துக் கடைக்காரர் போன் பண்ணிச் சொன்னாரு.

ஏப்ரல் 16, வியாழன்

குருவம்மா காலையிலயே வந்துட்டா. அம்மாவுக்குத் தலை வாரிவிடுறா, கஞ்சி காய்ச்சுறா. ரெண்டு பேரும் அக்காவைப் பத்தியே பேசுறாக. அதைக் கேட்டா மனசு கொஞ்சம் ஆறுது.

கூட வேலை பாத்த பொம்பளைக நாலஞ்சு பேர் என்கிட்டக் கேட்டாக: "அப்ப நாங்க என்னதான் செய்ய தம்பி?" எண்ணாதீக, ஓடுங்க. எண்ணுறது ஃபோர்மேன் பொறுப்பு, அதுவும் தூரத்துல நின்னு. தீக்குள்ள போறது தீயணைப்பு ஆளு வேலை. வேற எதுவும் சொல்லல. இதைப் பொங்கலுக்கே சொல்லியிருக்கணும். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

மச்சான் முந்தாநாள்ல இருந்து பேசல. என்கிட்ட மட்டுமில்ல. வெம்பக்கோட்டையில இருந்து வந்த ஒருத்தர் "ஏன்ப்பா திரும்பிப் போனா?"ன்னு கேட்டதுக்கு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

ஏப்ரல் 18, சனி

துணி எடுத்து வச்சாச்சு. அம்மா முறுக்கு கட்டிக்கொடுக்கல, வழக்கமாக் கொடுப்பா. துக்க வீடு, இந்த வருஷம் அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது.

ஆட்டோ பிடிச்சிக்கிடுறேன்னேன். மச்சான் கேக்கல. பைக் கடன் வாங்கிட்டு வந்து நின்னாரு. விருதுநகர் வரைக்கும் அவரே ஓட்டுனாரு. ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்தோம். வண்டி 40 நிமிஷம் லேட்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"குருவம்மாவுக்காக நீ சொன்னது சரிதான். தப்புன்னு சொல்ல மாட்டேன்."

பைக் சாவியைக் கையில உருட்டிக்கிட்டே மேல சொன்னாரு.

"ஆனா அதுவரைக்கும், அவ மனசுதான் அவளை உள்ள கூட்டிட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதை வச்சுத்தான் ஒரு வாய் சோறு இறங்குச்சு. இப்ப அவ உள்ள போறதை நெனச்சாலே உன் குரல்தான் கேக்குது."

அப்படி இல்ல மச்சான், எண்ணச் சொன்னதுதான் நான், போனது அவ மனசுதான்னு சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரு தண்டவாளத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு.

வண்டி வந்துச்சு. பெட்டியை என்னைத் தூக்க விடல, அவரே ஏத்தி, சீட்டுக்கு அடியில தள்ளி வச்சாரு. ஜன்னலுக்கிட்ட வந்து நிக்கல. இறங்கி நேராப் படிக்கட்டுப் பக்கம் நடந்துட்டாரு.

இப்ப மதுரை தாண்டியாச்சு. மச்சானுக்கு ரெண்டு தடவை போன் அடிச்சேன். ரிங் மட்டும் போகுது.