மிச்ச மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பாவுக்கு இருமல் நின்றதா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பள்ளி பள்ளியாகப் போய்க் கத்தினால் வேறென்ன ஆகும்!

ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்கினால், பிறகு கிருமிகள் அதற்கு அசையாது என்பதைப் பிள்ளைகளையே நடிக்கவைத்துச் சொல்லித்தருகிறோம். நேற்று நான்தான் காய்ச்சல்காரி. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எனக்கு அம்மா. யாரோ மிச்சம் வைத்த மாத்திரையை அவள் நீட்டுவாள். நான், “வேண்டாம்மா, டாக்டர்கிட்ட போலாம்” என்று சொல்ல வேண்டும்.

அவள் என் நெற்றியில் கைவைத்து, “அய்யோ, கொதிக்குதேடி! இதப் போட்டுக்கோ கண்ணு” என்றாள். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். வெறும் மிட்டாய்தான், பயப்படாதே. கிருமி வேஷம் போட்ட பிள்ளைகள், “டீச்சரே தோத்துட்டாங்க!” என்று குதித்தார்கள். மறுபடி முதலிலிருந்து நடித்தோம்.

இனிமேல் எனக்கு அனுப்பும் பார்சலில் அப்பாவின் மிச்ச மாத்திரைகளை வைக்காதே. அந்த இடத்தில் உன் தலையணை உறை ஒன்றை வை. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்த பள்ளிக்குக் கிளம்ப வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். நேற்று, வசனம் மறந்துபோச்சா என்று எல்லோரும் கேட்டார்கள். மறக்கவில்லை அம்மா. நெற்றியில் ஒரு கை பட்டு நாளாயிற்று, அவ்வளவுதான்.

உன்
மூத்தவள்