பூச்சிலுவையும் ஒரு கத்தரிக்கோலும்

ருவைஸ்
மே 30, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சம்யுக்தாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், போனில் நீ சாப்பிட்டேன் என்று சொல்கிற வேகத்தைக் கேட்டால் நம்பிக்கை வரவில்லை. வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இந்த மனுஷன் ஏன் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று நீ சிரிப்பாய், காரணம் இருக்கிறது, சொல்கிறேன். இங்கே வளைகுடா வெயில் ஆரம்பித்துவிட்டது, காலை டியூட்டிக்குப் பஸ் ஏறுவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. பால்கனியில் இருக்கிற கறிவேப்பிலைச் செடிக்கு உன் அம்மா பழைய துப்பட்டாவால் பந்தல் போட்டிருக்கிறாள், அந்த உபசாரம் எனக்கு நடந்து வெகுநாளாயிற்று. அவளுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

டிசம்பரோடு எனக்கு டியூட்டி முடிகிறது என்பது உனக்குத் தெரியும். கலாஸ், அவ்வளவுதான். விசாவை ரத்து செய்துவிடுவார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருச்சிக்குக் கிளம்ப வேண்டியதுதான். தில்லைநகர் ஃபிளாட்டில் உனக்கென்று விட்டிருக்கிற அறைக்கு மஞ்சள் அடிப்பதா வெளிர்பச்சை அடிப்பதா என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன மாசம் உன் போன் வந்தது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற அந்த ஸ்பெயின் கிரனாடா லேபில் உன்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறார்கள், ஜூன் நடுவில் கையெழுத்துப் போட வேண்டும், சேரட்டுமா அப்பா என்று கேட்டாய். ரொம்ப சந்தோஷம் கண்ணு, ஆனா, என்று நான் ஆரம்பித்தேன். ஆனா அம்மாவுக்கு முழங்கால், ஆனா அவ்வளவு தூரம், ஆனா ஆத்திர அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள் அங்கே. சரிப்பா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் தினமும் பேசினோம், மழை பெய்ததா, தோசை மாவு பொங்கியதா என்பது வரை பேசினோம், அந்தப் பேச்சை மட்டும் நீ எடுக்கவேயில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் முடிவு சொல்ல வேண்டுமே.

இந்த நேரத்தில்தான் மே மாச ஆரம்பத்தில் உன் போட்டோ வந்தது. உன் தெருமுனைச் சதுக்கத்தில் ஆள் உயரச் சிலுவை, உச்சியிலிருந்து அடிவரை சிவப்புக் கார்னேஷன் பூ, சுற்றிலும் செப்புக்குடமும் பூவேலைச் சால்வையும் வண்ணத்தட்டும், நம் வீட்டுக் கொலு மாதிரி. நடுவில் நீ கையில் பூவோடு நிற்கிறாய். பொய் சொல்வானேன், விபூதி பூசுகிற வீட்டுப் பெண் சிலுவைக்குப் பூ வைக்கிறாளே என்று எனக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றது. இந்த ஊரில் சர்ச்சுக்கு வெளியேகூடச் சிலுவை கண்ணில் படுவது அபூர்வம், எந்தச் சாமியானாலும் உள்ளே அடக்கமாகக் கும்பிட்டுப் பழகியவர்கள் நாம். உன் அம்மாவோ சிலுவையைப் பார்க்கவேயில்லை. அதன் காலடியில் ஒரு ஆப்பிள், அந்த ஆப்பிளில் விரித்தபடி குத்தி நிறுத்தியிருந்த கத்தரிக்கோல், அதைத்தான் பார்த்தாள். ஐயோ, எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ என் புள்ளைக்கு செய்வினை வெச்சுட்டா, பழத்துல இரும்பக் குத்தி வெச்சிருக்கா பாருங்க என்று போட்ட கூச்சலில் பக்கத்து ஃபிளாட்டில் கதவு திறந்தது.

அப்புறம் நடந்ததை அவள் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். உனக்குச் சுற்றிப்போட நீ பக்கத்தில் இல்லை அல்லவா, அதனால் உன் போட்டோவைத் திறந்து போனை மேஜை மேல் நிறுத்தி, உப்பும் மிளகாயும் கையில் எடுத்து, போனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். ஊர்க்கண் தெருக்கண் என்று அவள் முடிப்பதற்குள் ஹாலில் புகை அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. மிளகாய் நெடியில் நான் தும்முகிறேன், அலாரம் கத்துகிறது, இவள் மட்டும் நிம்மதியாக, பாத்தீங்களா எவ்வளவு கண்ணு பட்டிருக்கு என்கிறாள். கொஞ்ச நேரத்தில் கம்பெனி ஃபயர் அண்ட் சேஃப்டி ஆட்கள் வாசலில். வந்தது ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன், என்னோடு பிளாண்டில் வெகுநாளாக இருக்கிறவன். என்ன சார் எரியுது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான். மிளகாய்க்கு என்ன விளக்கம் சொல்வது? போனைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்ததும் அவன் முகமே மாறிவிட்டது, மேடம் பயப்படாதீங்க, இது சிலுவைத் திருவிழா, மே மாசம் எங்க ஊரிலும் உண்டு, ஸ்பெயின்காரன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்ததுதான் என்றான். அவன் பெண் போன வருஷ ஊர்வலத்தில் ராணி வேஷத்தில் நடந்தாளாம், இவன் கேம்ப் ரூமில் உட்கார்ந்து போனில் பார்த்தானாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் எங்கள் அலாரத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். உன் அம்மா அவனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். கத்தரிக்கோல் எதற்கென்று மட்டும் அவனுக்கும் தெரியவில்லை.

அதற்கு நீதான் மறுநாள் வாய்ஸ் மெசேஜில் விளக்கம் சொன்னாய், சிரித்துச் சிரித்து உனக்குப் பேச்சே வரவில்லை. அந்த ஊரில் ஆப்பிளில் ஒரு ஜாதிக்குப் பெரோ என்று பெயராம், அவர்கள் பாஷையில் ஆனா என்பதற்கும் பெரோதானாம். சிலுவையைப் பார்க்க வருகிறவர்கள் அழகாத்தான் இருக்கு, ஆனா என்று குறை சொல்ல வாயெடுப்பார்கள், அந்த ஆனாவை வாயிலேயே வெட்டிப்போடத்தான் கத்தரிக்கோலாம். கண்திருஷ்டிக்கு நாம் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரிதான் என்றாய். ரோமெலிடம் சொன்னேன், எங்க பாஷையிலும் பெரோ என்றால் அதுதான் சார், சிலுவையோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றான். உன் அம்மாவோ நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலை நறுக்கென்று குத்தி, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து தினமும் புது ஆப்பிள். நேற்றையதை நான் சாப்பிட வேண்டும். சாம்பாரில் உப்பு ஆனா என்று ஆரம்பித்தால்கூடக் கத்தரிக்கோலைப் பார்க்கிறாள்.

அதே மெசேஜில் நீ மேற்கொண்டு சொன்னதை நான் தனியாக எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ரோமாபுரி ராஜாவின் தாயார் ஏசுவை அறைந்த மரத்தைத் தேடிக் கண்டெடுத்த நாள்தான் அது என்றாய். உன் ஊர்க் கோட்டையின் கடைசி சுல்தான் தோற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனபோது கோபுரத்தின் மேல் வெள்ளிச் சிலுவையை ஏற்றினார்கள், பிறகு கப்பல் பாயிலும் கொடியிலும் சிலுவையாகவே இருந்தது, வாளையே சிலுவையாக வரைந்தார்கள், அந்த வாள்தான் இப்போது அங்கே கடையில் விற்கிற பாதாம் கேக்கின் மேல் சர்க்கரைப் பொடியில் இருக்கிறது என்றாய். ஜெயிச்சவங்களுக்கு அது கொடி, தோத்தவங்களுக்கு வெளியே போன்னு அர்த்தம், எங்க தெரு ஆன்ட்டிகளுக்கு அது பூ வைக்கிற சாக்குப்பா என்றாய். ஊரை விட்டுப் போனவர்கள் வீட்டுச் சாவியைக் கூடவே கொண்டுபோய்ப் பேரன் பேத்திகளுக்குக் கொடுத்தார்கள் என்று அங்கே இன்னும் பேசிக்கொள்வார்களாமே, அந்த இடத்தில் போனை நிறுத்திவிட்டேன். எங்களை யாரும் விரட்டவில்லை, சோறு போட்ட ஊர், மரியாதையாகத்தான் அனுப்பிவைப்பார்கள். இருந்தாலும் நீ தவழ்ந்த வீட்டுச் சாவியை எச்.ஆரில் ஒரு பையன் மேஜையில் நான் வைத்துவிட்டு வரவேண்டும். அப்புறம் நீ பிறந்த ஊருக்கு நாம் மூன்று பேரும் விசிட் விசாவில்தான் வரமுடியும்.

அதற்குப் பிறகும் நீ ஒன்று சொல்லியிருந்தாய். அரபி பீரியடுக்கு அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போன பெண், அந்தக் கோட்டைச் சுவரில் இருக்கிற அரபியை எழுத்துக்கூட்டிப் படித்தாயாம். கல்சிலுவையில் படிந்த கரியைக் காலையில் லேப் வேலையாக எடுத்துவிட்டு, சாயங்காலம் அந்தச் சுவரடியில் போய் நின்றால் ஏனோ ருவைஸில் வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்குப்பா என்றாய். நான் திருச்சியில் உனக்கு அறை கட்டி நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ திருச்சியில் மொத்தமாகச் சேர்த்தால் ஒரு வருஷம் இருந்திருப்பாயா, அதுவும் லீவில், கொசுக்கடியைத் திட்டிக்கொண்டு. உனக்கு வீட்டு ஞாபகம் வருகிற இடம் அங்கே கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வேன்?

அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் உன் குரலைக் கேட்டால் கத்தரிக்கோல் வெட்டுகிற அந்த வார்த்தை தானாக வந்துவிடுகிறது, காகிதம் என்றால் உன் அம்மா படித்துப் பார்த்து அடித்துவிடுவாள். முதலில் எழுதிய பக்கத்தில் அப்படி அடித்தது போக மிஞ்சியது உன் பெயரும் என் கையெழுத்தும்தான். இது இரண்டாவது முறை எழுதுவது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றெல்லாம் நான் சொன்னதை நம்பாதே, அவள் என்னைவிடத் தெம்பாக இருக்கிறாள். டியூட்டி முடிந்து வந்து நீ படித்த மேஜையைப் பார்த்தாலே எனக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது, அந்த மேஜையும் இல்லாத ஊரில் போய் நீயும் இல்லாமல் எப்படி இருக்கப்போகிறேன் என்ற பயம் எனக்குத்தான். அது என் பயம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வேலையில் சேர்ந்துவிடு கண்ணு. அப்பாவுக்கு முழுச் சம்மதம்.

இந்த வருஷம் குளிருக்கு நல்ல கோட்டாக வாங்கிக்கொள், போன வருஷம் மாதிரி மூன்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அலையாதே. கூரியரில் பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் வருகிறது, ஊறுகாயை லேபில் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றாயே, பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே. திருச்சி அறைக்கு மஞ்சள்தான், உன் அம்மா ஜெயித்துவிட்டாள், லீவில் வரும்போது படுத்துக்கொள்ளலாம். தாயுமானவர் உனக்குத் துணையிருப்பார், மலையிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் வருவதற்கு அவருக்கு நேரமானால் அதுவரைக்கும் உன் தெருமுனைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நோய்நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று மறக்காதே. கையெழுத்துப் போட்ட பிறகு எங்களைக் கூப்பிடு. போடுவதற்கு முன்னால் மட்டும் கூப்பிடாதே, அப்பா எடுக்கமாட்டேன்.

உன் அன்பு அப்பா
சிவசங்கரன்