மருமகனைப் பெயிலாக்கிய மாமனுக்கு

மட்டுவில்,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

தம்பி சுதாகரனுக்கு,

அன்புள்ள என்று தொடங்க வேண்டும். இன்றைக்கு அது எனக்கு வரவில்லை. நீயும் தனுசியாவும் பிள்ளைகளும் அம்மன் அருளால் சுகமாக இருக்க வேண்டும். அதை மட்டும் மனதார எழுதுகிறேன். மற்றதெல்லாம் ஏச்சுத்தான்.

நீ பல தரம் அழைத்தும் நான் போனை எடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. போனில் என்றால் நீ "அக்கா, கொஞ்சம் கேளுங்கோ" என்று இடையில் வந்து விழுவாய். கடிதத்தில் நீ வாயைத் திறக்க முடியாது. ஸ்ரெல்லா ரீச்சரின் மகன் வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

விமானம் திருத்துகிறவர்களுக்கு, உயரத்தில் நின்று விழாமல் வேலை செய்யப் பழக்குகிற மாஸ்டர் நீ. பெருமைதான். உன்னை நம்பித்தானே என் ஒரே பிள்ளையை அனுப்பினேன்? தாய்மாமன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ பார்த்துக்கொண்ட சீர் என்ன? உயரத்து வேலைக்கு உதவமாட்டான் என்று எழுதிக் கொடுத்து, பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். வேறு யாராவது செய்திருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பேன்.

வந்து இறங்கிய நாளில் இருந்து நிருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தே கிடந்தான். நேற்றுத்தான் வாய் திறந்தான். விமானத்தின் இறக்கையில் ஏறினால், உடம்பில் கட்டிய பட்டியின் கொளுக்கியை அங்கே இழுத்துக் கட்டிய கம்பியில் மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டுமாம். சோதனை அன்று உன் ஆள் ஒருவன் மயங்கியவன் போல இறக்கை நுனியில் தொங்கினானாம். அது நடிப்பு என்று இவனுக்குத் தெரியாது. தன் கம்பி அவ்வளவு தூரம் எட்டாதென்று கண்டதும், கொளுக்கியைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருக்கிறான். மற்றவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் கொளுக்கியை அடுத்த கம்பிக்கு மாற்றிக்கொண்டு நின்றார்களாம். ஓடிப் பிடித்தவனுக்குப் பெயில், நின்றவர்களுக்குப் பாஸ்! இது எந்த ஊர் நியாயம்? கீழே வலையும் கட்டியிருந்ததாமே. விழுந்தாலும் சாகவா போகிறான்?

போன திங்கள் அம்மன் கோயிலில் பொங்கப் போன இடத்தில் இரத்தினம்மா வந்து நின்று, "என்ன பராசக்தி, பெடியன் போன கையோடை திரும்பி வந்திட்டான்? அங்கை ஏதும் குடிச்சுக்கிடிச்சுப் பிடிபட்டவனோ?" என்று கேட்கிறாள். பானையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம் போல் இருந்தது. எல்லாம் உன்னால்தான்.

செவ்வாய்க்கிழமை.

மேலே உள்ளதை எழுதி, ஒட்டாமல் வைத்திருந்தேன். கிழிக்க மனமில்லை. எழுதிய ஏச்சு வீணாகக் கூடாது, வாங்கிக்கொள்.

இன்று உன் அத்தானுடைய ஆண்டுத் துவசம். ஐயர் போனபிறகு சொந்தக்காரர் பந்தியில் இருந்தார்கள். வழமைபோல் அந்தக் கதை தொடங்கியது. வருடப்பிறப்புக்குக் கிணறு இறைத்துத் துப்புரவாக்கும்போது, உள்ளே இறக்கிய தண்ணீர் மெசினின் புகையில், சேறு அள்ள இறங்கிய மார்க்கண்டு மயங்கியது. அதைக் கண்டதும் உன் அத்தான் ஒரு கணம்கூட யோசிக்காமல் இறங்கியது. "மனிசன் எண்டால் அவன்தான் மனிசன்" என்று மார்க்கண்டுவின் தமையன் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். இத்தனை வருடமாக நானும் அதைக் கேட்டுத்தான் மனம் ஆறியிருக்கிறேன்.

அப்போது சோறு போட்டுக்கொண்டு நின்ற நிருஷன், "நானும் அப்பிடித்தான் ஓடினனான். அப்பான்ரை பிள்ளை வேறை என்ன செய்யும்?" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். "உது மாமனுக்கு எங்கை விளங்கப் போகுது? உவன் அண்டைக்கும் கயிறு கட்டி முடியுமட்டும் நிண்டவனெல்லோ" என்று ஒருவர் உன்னையும் இழுத்தார்.

கறிச்சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, "ஓம், அவர் யோசிக்கேல்லை. யோசிச்சிருந்தால் இண்டைக்கு உங்களோடை இருந்து சாப்பிட்டிருப்பார். மார்க்கண்டுவையாவது மீட்டவரோ? ரெண்டு பேரையும் பிணமாத்தானே தூக்கினது!" என்று சபையில் கத்திவிட்டேன். பாயாசம் வர முன்னமே சிலர் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். போகட்டும்.

கிணற்றுக் கட்டில் நைலோன் கயிறு கிடந்தது. அதை இடுப்பில் கட்டி, மயங்கினால் மேலே இழுக்கச் சொல்லிவிட்டு இறங்கியவன் நீ ஒருவன்தான். இரண்டு பேரையும் மேலே அனுப்பியதும் நீதான். அதற்கு ஊர் உனக்குத் தந்த பட்டம் பயந்தாங்கொள்ளி. நீயும் யோசிக்காமல் குதித்திருந்தால் எங்கள் வீட்டில் இருந்து அன்று இரண்டு பாடை போயிருக்கும். நினைக்க நினைக்கப் பற்றி எரிகிறது. எல்லோரும் போனபிறகு உன் அத்தானின் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு முடிச்சுப் போடுகிற நேரத்தை எனக்கும் பிள்ளைக்கும் தராமல் போன மனிதரை வேறு என்ன செய்ய?

உன்னோடும் கோபம் தீரவில்லை. சட்டத்தை மீறினாய் என்று மட்டும் அவனுக்குச் சொன்னாயாம். அது மாஸ்டர் சொல்கிற கதை. மாமன் சொல்ல வேண்டியதை ஏன் சொல்லவில்லை? அந்தக் கிணற்றுக்குள் நீ கண்டதை அவனிடம் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், என்னால் தாங்க முடியாது. அவனுக்குச் சொல்.

புது ஆட்களுக்குப் பயிற்சி தொடங்கும்போது அவனைத் திருப்பிக் கூப்பிடு. வரமாட்டேன் என்றுதான் நிற்கிறான். அனுப்பி வைப்பது என் பாடு. முதலில் தன் கொளுக்கி, பிறகுதான் மற்றவன் உயிர் என்று அவன் கைக்குப் பழகுமட்டும் விடாதே. திரும்பவும் ஓடினால் திரும்பவும் பெயிலாக்கு. நானே அழுது அழுது போன் எடுத்தாலும் மனம் இளகாதே.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரவேண்டும், தம்பி. அவனைப் புகழ இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயிலாக்க நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
ஏச்சு இன்னும் முடியாத அக்கா,
பராசக்தி